முப்பத்தொன்றாம் எண் வண்டி

ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயில், கேமரன் மலைக்கு ஏறும் சாலை பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஷரபுதீனின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. காலையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், மதியம் சோறும் கறிகளுமாக நாசி கண்டார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவர் மனைவி மெஹர்பானு. வயது நாற்பத்தேழு. கடைக்கு வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அவர் பானு அக்கா. கல்லாவுக்குப் பின்னால், சிகரெட் பெட்டிகளுக்கு மேல் தட்டில், ஒரு கேமராப் பை எப்போதும் இருக்கும். அது யாருடையது என்று புதிதாக வருகிறவர்கள் ஷரபுதீனிடம்தான் கேட்பார்கள். அவர் பரோட்டாக் கரண்டியால் மனைவியைக் காட்டுவார்.

மெஹர்பானு படம் எடுக்கத் தொடங்கியது கல்யாண வீடுகளில். ஈப்போ வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்பார்கள். அப்படிப் போகத் தொடங்கி, மூன்று கால் ட்ரைபாடை மண்டபத்தில் விரித்து வைத்து, மணப்பெண்ணைச் சுற்றி மாமிமார்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் பல வருஷம் ஓடிவிட்டது. யாரும் அசையாமல் நிற்பார்கள். கேமராவும் அசையாது. அவருக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நிற்கும் மோட்டார்சைக்கிள் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் பந்தயத்துக்கு அழைத்தார். பத்து காஜா ஊர்ப் பக்கம், முன்பு ஆத்தோரத் தோட்டம் என்று ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். மரங்களை வெட்டிச் சாய்த்து, பாதியில் எண்ணெய்க்கான செம்பனை நட்டு, மீதி நிலத்தை ஒரு மோட்டார் கிளப்புக்கு விட்டிருந்தார்கள். செம்மண்ணை மேடும் பள்ளமுமாகக் குவித்து வளைவுகள் போட்டு, கப்சாய் எனப்படும் சின்ன மோட்டார்சைக்கிள்களை மாற்றிக் கட்டி அதில் பறக்க விடுவார்கள்.

மெஹர்பானு முதல் நாள் கல்யாண ட்ரைபாடோடுதான் போனார். ஒரு வளைவுக்கு வெளியே, கயிற்றை ஒட்டி, மூன்று காலையும் விரித்து நன்றாக ஊன்றினார். அந்த வளைவில் கொடி பிடித்து நின்றவர் பத்துமலை. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, இப்போது லாரி பட்டறையில் வேலை செய்கிறவர். அவர் ட்ரைபாடைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அக்கா, இத வச்சிக்கிட்டு ஓட முடியுமா?"

"நான் ஏண்ணே ஓடணும்? ஓடுறது அவங்கதானே?"

"அவங்க உங்க மேல ஓடுனா? எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க, பேசலாம்."

அவர் கூப்பிட்டாரே என்று மெஹர்பானு கேமராவை மட்டும் கழற்றிக்கொண்டு நாலு எட்டு நடந்தார். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஒரு வண்டி வளைவில் படுத்தபடியே சறுக்கி வந்து, கயிற்றை அறுத்து, ட்ரைபாடை அடித்துக்கொண்டு போய் வாய்க்காலில் விழுந்தது. ஓட்டியவன் எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டான். ட்ரைபாடின் ஒரு கால் தனியாகவும் இரண்டு கால் தனியாகவும் கிடந்தன. மெஹர்பானு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முழுக்க அவர் ஒரு படமும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கணவரையும் மகள் நஜ்லாவையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். கடைசியில், "இதெல்லாம் தள்ளி நின்னு படம் எடுக்கத்தான் லாயக்கு. நம்ம வீட்டு ஆளுங்க யாரும் அதுல ஏறக் கூடாது" என்றார். நஜ்லா எழுந்து உள்ளே போனாள். அவள் ஒரே பிள்ளை; ஈப்போவில் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் மெஹர்பானு படம் எடுப்பதை விடவில்லை. அடுத்த பந்தயத்தில், ஒரு பத்திரிகைப் படக்காரர் ஒற்றைக் கால் கம்பு ஒன்றின்மேல் பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு நிற்பதைக் கவனித்தார். அதுதான் மோனோபாட். லென்ஸின் பாரம் முழுவதும் அந்தக் கம்பில் இறங்கிவிடுகிறது; ஆள் இடுப்பிலிருந்து திரும்பினால் கேமராவும் கூடவே வழுக்கிக்கொண்டு திரும்புகிறது; ஏதாவது ஆபத்தென்றால் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம். அந்த வாரமே ஒன்று வாங்கினார்.

பழகியது கடை வாசலில். கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு லாரிகள் இறங்கிவரும். மெஹர்பானு கடை முன் நடைபாதையான ஐந்தடியில் நின்று, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, கேமராவின் ஷட்டரை மெதுவாக வைத்து, லாரியின் வேகத்துக்கே லென்ஸைத் திருப்பிப் பழகினார். வேகம் ஒத்துப்போனால் ஓட்டுநரின் மீசைகூடத் தெளிவாக விழும், பின்னாலிருக்கும் கடைகளெல்லாம் கோடுகளாக இழுபடும். ஒத்துப்போகாவிட்டால் எல்லாமே கலங்கிய மீன்குழம்பு மாதிரி இருக்கும். முதல் மாதம் முழுக்க மீன்குழம்புதான். சாப்பிட வந்தவர்கள் டீயை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு லாரிக்காரர் போலீஸ் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார்.

கை படிந்த பிறகு கிளப்பே அவரைக் கூப்பிட்டது. ட்ரைபாடுக்கும் அவர் ஒரு வேலை கண்டுபிடித்தார். பெரிய மேட்டிலிருந்து வண்டிகள் தாவி இறங்குகிற இடத்தில் ஆள் நிற்கக் கூடாது. அங்கே தடுப்புக்குப் பின்னால் புதிய ட்ரைபாடைத் தாழ்வாக விரித்து, ஆடாமலிருக்க அதன் நடுவில் மணல் பையைத் தொங்கவிட்டு, இரண்டாவது கேமராவை வைத்துவிட்டு வந்துவிடுவார். கையில் ஒரு ரிமோட். தாமோ தூரத்து வளைவில் மோனோபாடோடு நின்றுகொண்டு, வண்டிகள் மேட்டில் தாவும்போது கட்டை விரலால் ரிமோட்டை அழுத்துவார். விரலை எடுக்கும்வரை அந்தக் கேமரா அடுக்கடுக்காக எடுத்துக்கொண்டே இருக்கும்.

பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர்கள் தங்குகிற கூடாரங்கள் பக்கம் அவர் போனதில்லை. கடையில் கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிட வேண்டும். அதனால் ஓட்டுகிறவர்களை அவருக்கு முகத்தால் தெரியாது. ஹெல்மெட்டும் எண்ணும்தான் தெரியும். ஏழாம் எண் அவசரக்காரன். பதினெட்டு பயந்தவன். முப்பத்தொன்று இந்த வருஷம் புதிதாக வந்தது.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்று முடிந்து இடைவேளை விட்டிருந்தார்கள். மெஹர்பானு ஒரு செம்பனை மரத்தடியில் நின்று, எடுத்த படங்களைக் கேமராத் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றின் படம் ஒன்று அபாரமாக விழுந்திருந்தது. வண்டி சாய்ந்திருக்கிறது, சக்கரத்தடியிலிருந்து செம்மண் விசிறியாகப் பறக்கிறது, மரங்கள் பச்சைக் கோடுகளாகப் பின்னால் ஓடுகின்றன. கூர்மையைச் சரிபார்க்க, கைப்பிடியைப் பிடித்திருந்த கையைப் பெரிதாக்கினார். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே கொஞ்சம் தோல் தெரிந்தது. அந்தத் தோலில் பிறை வடிவில் ஒரு தழும்பு.

அந்தத் தழும்பை அவருக்குத் தெரியும். ரொட்டிக் கல்லில் பட்ட சூடு. பள்ளிக்கூட விடுமுறையில் கடையில் உதவிக்கு நின்ற நஜ்லா கையை இழுத்துக்கொண்டு கத்தியதும், தண்ணீர்க் குழாயடியில் அவள் கையைத் தாமே பிடித்துக்கொண்டு நின்றதும் அவருக்கு மறந்துவிடவில்லை.

திரையை அணைத்தார். மறுபடி போட்டார். தழும்பு அங்கேயே இருந்தது.

மகளின் கைப்பேசிக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைக்கு அழைத்தார்.

"என்னங்க, நஜ்லா எங்க?"

"கிளாஸுக்குப் போயிருக்கா. ஏன்?" என்றார் ஷரபுதீன்.

"ஞாயித்துக்கெழம என்ன கிளாஸு?"

அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் மெதுவாக, "பானு, நீ இப்ப எங்க நிக்கிற?" என்றார்.

அந்தக் கேள்வியிலேயே மெஹர்பானுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பதில் சொல்லாமல் கைப்பேசியை வைத்தார். கூடாரங்கள் இருந்த பக்கம் நடக்கத் தொடங்கினார். ஆனால் அதற்குள் இரண்டாம் சுற்றுக்கு விசில் ஊதிவிட்டார்கள். பந்தயம் ஓடும்போது பாதையைத் தாண்டக் கூடாது. கூடாரங்கள் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். திரும்பி வந்து தம் வளைவில் நின்றார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மோனோபாடை ஊன்றி லென்ஸில் கண்ணை வைத்தார். வழக்கம்போல இடது கையில் ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

வண்டிகள் கூட்டமாக வந்தன. முப்பத்தொன்று முன்னால் இருந்தது, அதற்கு ஒட்டினாற்போலப் பின்னால் ஏழு. பெரிய மேட்டில் இரண்டும் தாவின. அதன்பின் நடந்ததை மெஹர்பானு சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு வண்டிகள் தனித்தனியாக உருண்டன. ஒரு ஆள் டயர்த் தடுப்பில் மோதி விழுந்தான். இன்னொரு ஆள் பாதை நடுவே கிடந்தான். கிடந்த ஆளின் முதுகில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

மோனோபாடும் கேமராவும் அவர் கையிலிருந்து விழுந்தன. கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போகப் பார்த்தார். மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்த பத்துமலை மறு கையால் அவருடைய மேல்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அக்கா, இன்னும் வண்டி வருது. போகாதீங்க."

"விடுங்கண்ணே."

"படம் அப்புறம் எடுக்கலாம் லா."

"அது என் மக."

பத்துமலையின் கை அப்படியே நின்றது. கொடியும் ஒரு கணம் ஆடாமல் நின்றது. பிறகு அவர் கொடியை இன்னும் வேகமாக ஆட்டிக்கொண்டு தாமே பாதைக்குள் இறங்கினார். கடைசி வண்டி ஒதுங்கிப் போகும்வரை மெஹர்பானுவைத் தம் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, பிறகு கூட்டிப்போனார்.

முதலுதவிக் கூடாரத்தில் நஜ்லா எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார்கள். தாடையில் சிராய்ப்பு, முழங்காலில் வீக்கம். அம்மாவைப் பார்த்ததும் அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள்.

"ம்மா, நீங்க இந்தப் பக்கம் வரவே மாட்டீங்களே" என்றாள்.

மெஹர்பானு மகளின் தலையையும் தோளையும் தொட்டுப் பார்த்தார். முழுசாக இருந்தாள். திரும்பினார். அடுத்த கட்டிலில் ஏழாம் எண் சட்டையோடு ஒரு பையன் படுத்திருந்தான். ஷர்வின் என்று பெயர். தோள்பட்டை எலும்பு முறிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா சின்னையா மகனின் காலணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூடாரத்தில் இருந்த எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்: பின்னால் வந்த ஏழுதான் முப்பத்தொன்றை இடித்துத் தள்ளிவிட்டான், அவனுக்கு வழக்கமே அதுதான், இந்தத் தடவை தடை போட்டே ஆக வேண்டும்.

மெஹர்பானு அவன் கட்டிலருகே போனார். "என் புள்ளயக் கொல்லப் பாத்தியாடா?" என்றார். குரல் உயரவில்லை. அவருக்கே அது யாருடைய குரலோ போல் இருந்தது.

"நான் இடிக்கல ஆன்ட்டி" என்றான் அவன். சின்னையா காலணியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பத்துமலை வந்தார். "அக்கா, உங்க சாமான எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். மேட்டுக்கிட்ட இருக்கிறத மட்டும் தொடல, அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார். அப்போதுதான் மெஹர்பானுவுக்கு ட்ரைபாட் நினைவுக்கு வந்தது. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தார். ரிமோட் இன்னும் அவர் இடது கைக்குள்ளேயே இருந்தது. கட்டை விரல் அழுத்தியபடியே மரத்துப்போயிருந்தது.

ட்ரைபாட் வைத்த இடத்திலேயே நின்றது. காலெல்லாம் சேறு. லென்ஸ் ஓரத்தில் ஒரு பொட்டு மண். சுற்றிலும் யாரும் இல்லை. குனிந்து படங்களைப் பார்த்தார்.

வரிசையாக விழுந்திருந்தன. ஒரு படத்திலும் அசைவு இல்லை. மேட்டின் உச்சியில் இரண்டு வண்டிகள், ஒன்று இடப்புறம், ஒன்று வலப்புறம். அடுத்த படத்தில் முப்பத்தொன்று காற்றிலேயே குறுக்கே திரும்புகிறது. அடுத்ததில் ஏழின் முன்னால் வந்துவிடுகிறது. அதற்கடுத்ததில் ஏழாம் எண்காரன் தரையைத் தொட்டதும் கைப்பிடியை முழுக்க வெளிப்பக்கம் ஒடித்திருக்கிறான். அவன் முன்னால் டயர்த் தடுப்பு தவிர வேறொன்றும் இல்லை. முப்பத்தொன்றின் சக்கரத்துக்கும் அவன் சக்கரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. அவன் இடிக்கவே இல்லை. இடிக்காமல் இருக்கத்தான் தடுப்பில் போய் விழுந்திருக்கிறான். நஜ்லா விழுந்தது, கோணலாக இறங்கியதால்.

மெஹர்பானு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் பந்தயம் ஓட்டுகிறாள் என்று தெரிந்தபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. இந்தப் படங்கள் இருப்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அழித்துவிட்டால் அழிந்ததுதான். அப்படி ஒரு எண்ணம் வந்ததை அவர் பின்னால் என்னிடம் மறைக்கவில்லை.

கேமராவோடு கூடாரத்துக்குத் திரும்பி, மகள் மட்டும் பார்க்கும்படி திரையைக் காட்டினார்.

"அவன் பக்கத்துல வாரது உனக்குத் தெரியுமா?"

நஜ்லா பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "சத்தம் கேட்டுச்சும்மா" என்றாள்.

"கேட்டும் திரும்புனியா?"

"உள் பக்கம் புடிச்சா அடுத்த வளைவு எனக்குத்தான். அவன் ஒதுங்கிருவான்னு நெனச்சேன்."

"இங்க எல்லாரும் அவன் இடிச்சான்னு பேசுனாங்களே, நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

நஜ்லா முழங்காலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். "குடுக்காதீங்கம்மா. எனக்குத் தடை போட்டுருவாங்க லா. இதுக்கு நான் எவ்ளோ..." முடிக்கவில்லை.

மெஹர்பானு எழுந்து நடுவர்கள் இருந்த மேசைக்குப் போனார். தலைமை நடுவர் அமீருல் ஏற்கெனவே முடிவு சொல்லத் தயாராக இருந்தார். மெஹர்பானு கேமராவை அவர் முன்னால் வைத்தார். அமீருல் படங்களைத் தள்ளிப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"அக்கா, முப்பத்தொண்ணு உங்க மகள்னு சொன்னாங்க."

"ஆமா."

"இந்தப் படங்கள யாரும் கேக்கலியே."

"என் மககிட்ட நான் கேட்டேன்" என்றார் மெஹர்பானு.

ஷர்வின்மேல் இருந்த குற்றம் நீங்கியது. குறுக்கே தாவியதற்காக நஜ்லாவை அந்த வருஷப் போட்டிகள் முழுவதிலிருந்தும் விலக்கினார்கள். அம்மாவும் மகளும் காரில் சிம்பாங் பூலாய் வந்து சேர்ந்தார்கள். கடை வாசலில் ஷரபுதீன் நின்றிருந்தார். நஜ்லா நொண்டிக்கொண்டு உள்ளே போனதும் மெஹர்பானு கணவரைப் பார்த்தார்.

"எத்தன நாளா தெரியும்?"

"ஆரம்பத்துலருந்து."

"என்கிட்ட சொல்லத் தோணலயா?"

ஷரபுதீன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்லத்தான் நெனச்சேன் பானு. போன தடவ ஓட்டத்து படங்கள இதே மேசைல வச்சி காட்டுன. முப்பத்தொண்ண காட்டி, 'இந்தப் பையன் எவ்ளோ அழகா சாயுறான் பாருங்க, இவனப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க'ன்னு சொன்ன. அவ பக்கத்துலதான் தட்டு தொடச்சிக்கிட்டு நின்னா. உள்ள போயி அப்படி அழுதா. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல."

மெஹர்பானு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் கல்லாவில் யாரும் இல்லை. சாப்பிட்டவர்கள் தாங்களே மேசையில் காசை வைத்துவிட்டுப் போனார்கள்.

மறு வாரம் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு ஷர்வினைப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனார். தாம் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டார். நஜ்லாவும் கேட்டாள், அவளுக்கு அது எளிதாக வரவில்லை, பாதி தரையைப் பார்த்தே சொன்னாள். சின்னையா மைலோ பானம் கலக்கி வந்து கொடுத்தார். "படத்த அழிச்சிருந்தா எங்களுக்குத் தெரியவா போவுது" என்று மட்டும் சொன்னார். ஷர்வின் கட்டுப்போட்ட தோளோடு, அந்தப் படங்களில் தான் வண்டியை ஒடிக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டான். மெஹர்பானு சட்டமே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

நஜ்லாவை ஓட்டாதே என்று அவர் சொல்லவில்லை. ஓட்டு என்றும் சொல்லவில்லை. சில மாதங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அடுத்த வருஷம் முதல் போட்டிக்கு முந்தின நாள் நஜ்லா தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தாள். காலையில் அம்மா, அப்பா, மகள் மூவரும் ஒரே காரில் போனார்கள். கடை அன்று சாத்தியிருந்தது.

மெஹர்பானு வழக்கமான வளைவில் மோனோபாடோடு நின்றார். அன்று எடுத்த படங்கள் எல்லாம் நன்றாக வந்தன என்று கிளப்பில் சொன்னார்கள். ஆனால் முப்பத்தொன்றின் படம் ஒன்றுகூட இல்லை. அந்த எண் வளைவுக்கு வரும்போதெல்லாம் அவர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு, கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாராம். பத்துமலை சொன்னார். முப்பத்தொன்றின் படம் ஏன் இல்லை என்று அமீருல் கேட்டதற்கு மெஹர்பானு, "அவள எடுக்க வேற ஆளப் போடுங்க. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு ட்ரைபாடை மடக்கப் போய்விட்டார்.